ஜப்பானுக்குப் பள்ளிக் குழுவை அழைத்துச் செல்கிறோம்: பிள்ளைகளை எதற்கெல்லாம் பழக்க வேண்டும்?

பாலக்கோடு ஆசிரியர்:

வணக்கம். பாலக்கோட்டை அடுத்த ஒரு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். வரும் மே மாத நடுவில் எங்கள் பள்ளியிலிருந்து 14 மாணவ மாணவியரை நானும் ஓர் ஆசிரியையும் எட்டு நாள் பயணமாக ஜப்பானுக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடாகியிருக்கிறது. டோக்கியோ, கியோட்டோ, நாரா ஆகிய ஊர்கள், நடுவில் ஒரு நாள் அங்குள்ள பள்ளியில் வகுப்பு, அதையொட்டி இரண்டு இரவுகள் இருவர் இருவராக ஜப்பானியக் குடும்பங்களின் வீடுகளில் தங்கல் என்பது திட்டம். பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒகேனக்கல்லையும் சேலத்தையும் தாண்டிப் போனதில்லை. விமானம் ஏறியவர் ஒருவரும் இல்லை.

பயண முகவர் கொடுத்த நிகழ்ச்சி நிரலில் "பண்பாட்டு அனுபவம்" என்ற சொல் ஐந்து இடங்களில் வருகிறது. கிமோனோ உடுத்துதல், தேநீர்ச் சடங்கு, தூரிகை எழுத்து என்று அடுக்கியிருக்கிறார். படம் எடுத்துக்கொள்வதற்கு மேல் இவை பிள்ளைகளுக்கு என்ன தரும் என்று எனக்கு விளங்கவில்லை. பெற்றோர் கூட்டத்திலோ கேட்டதெல்லாம் சோற்றைப் பற்றித்தான். ஆறு பேர் சைவம். ஹிரோஷிமாவையும் சேர்க்கலாம் என்கிறார் முகவர். 14 வயதுப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்ல வேண்டுமா என்று உடன் வரும் ஆசிரியை தயங்குகிறார். இவை தவிர, அந்தப் பள்ளியில் நம் ஊரைப் பற்றி எங்கள் பிள்ளைகள் 20 நிமிடம் நிகழ்ச்சி நடத்த வேண்டுமாம். பரதநாட்டியம் தெரிந்தவர் எங்களிடம் ஒருவரும் இல்லை. கையில் இருப்பது இரண்டு மாதம். போய் வந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காவேரிப்பட்டணம் தமிழாசிரியை:

ஐயா, வணக்கம். மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் மாவட்டத்திலிருந்து சென்ற ஒரு குழுவுடன் துணை ஆசிரியையாக நானும் போய் வந்தேன். பெற்றோர் சோற்றைப் பற்றிக் கேட்டதில் தவறே இல்லை. முதல் இரண்டு நாள் எங்களைத் திணறடித்ததும் அதுதான். அங்கே "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் கிண்ணத்தில் மேலே கிடக்கும் இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டு அன்போடு கொண்டுவந்து வைப்பார்கள். கீழே இருக்கும் சாறு அப்படியே இருக்கும். கொம்பு என்னும் கடற்பாசியையும், புகையூட்டி விறகுக்கட்டைபோல் இறுகக் காயவைத்துச் சீவிய மீனையும் நீரில் இட்டு இறக்கும் "தாஷி" என்ற வடிநீர்தான் மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சாறு, உடோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகள் என அவர்களின் பெரும்பாலான சமையலுக்கு அடி. நம் ரசத்தில் பருப்புத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருப்பதைப் போல அது கலந்திருக்கும். ஆகவே "சைவம்" என்ற ஒரே சொல்லை நம்பாமல், இறைச்சி, மீன், மீன் வடிநீர், முட்டை ஆகிய நான்கும் ஆகாது என்று ஜப்பானிய மொழியில் அச்சிட்ட அட்டை ஒன்றை ஆறு பேர் கழுத்திலும் மாட்டிவிடுங்கள். கியோட்டோவில் முடிந்தால் ஒரு வேளையாவது புத்த மடாலயங்களின் ஷோஜின் உணவுக்கு ஏற்பாடு செய்யுங்கள். அதில் மீன் வடிநீர் மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூடச் சேராது. வழியில் பசித்தால் எந்தத் தெருமுனைக் கடையிலும் முக்கோணமாகப் பிடித்த சோற்று உருண்டை கிடைக்கும். உள்ளே உமெபோஷி என்ற உப்புக்காய் வைத்ததை எங்கள் பிள்ளைகள் "ஜப்பான் ஊறுகாய்ச் சோறு" என்று பெயரிட்டு நாள்தோறும் தின்றார்கள்.

தேநீர்ச் சடங்கைப் பற்றி நீங்கள் ஐயப்படுவது நியாயம். நானும் அந்த எண்ணத்தோடுதான் போனேன். பாய் விரித்த சிறிய அறையில் எங்களை முழங்கால் மடக்கி, குதிகாலின்மேல் உட்காரச் சொன்னார்கள். சம்மணமிட்டு மணிக்கணக்கில் உட்காரும் நம் பிள்ளைகளுக்கு இது பத்தே நிமிடத்தில் கால் மரத்துப் போகும் இருப்பு. முதலில் ஓர் இனிப்பு. அதைத் தின்று முடித்த பிறகே தேநீர். இலையை அரைத்த பச்சை மாவை மூங்கில் மத்தால் நுரை வரக் கடைந்து, கிண்ணத்தின் அழகான முகம் நம்மைப் பார்க்கும்படி வைக்கிறார்கள். அந்த முகத்தில் வாய் படக்கூடாது என்று கிண்ணத்தைக் கையில் சற்றே திருப்பிக்கொண்டு குடிக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒரு பையன் ஒரு மிடறு விழுங்கிவிட்டு, சர்க்கரை எங்கே என்று என் காதில் கேட்டான். ஆனால் அவனே அன்று இரவு விடுதியில் எவர்சில்வர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதற்கு முகம் எது என்று கேட்டுக்கொண்டிருந்தான். 16ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ இந்தச் சடங்குக்கு எளிமையான வடிவம் கொடுத்தார் என்பதையும், தேநீரின் கசப்பை ஈடுகட்டவே இனிப்பு முதலில் வருகிறது என்பதையும் இங்கேயே சொல்லி அழைத்துப் போங்கள். கிமோனோவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள், அது படத்துக்குத்தான்.

நாராவில் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தர் சிலை சுமார் 15 மீட்டர் உயரம். அந்தச் சிலைக்கு 752இல் கண் திறக்கும் சடங்கைச் செய்தவர் இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்ற துறவி. இதைக் கேட்டதும் பிள்ளைகள் சிலையைப் பார்த்த பார்வையே மாறியது. வெளியே மான்கள் தலை வணங்கிப் பிஸ்கட் கேட்கும். கையில் காகிதம் இருந்தால் அதையும் தின்றுவிடும், பயணச் சீட்டுகளைப் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

நிகழ்ச்சிக்குப் பரதநாட்டியம் இல்லையே என்று வருந்த வேண்டாம். தகடூர்க்காரர்களுக்கு அதியமானும் ஔவையும் இருக்கும்போது வேறென்ன வேண்டும்? நெல்லிக்கனிக் கதையைக் கூத்துப் பாணியில் எட்டு நிமிடம் நடிக்கட்டும். மீதி நேரத்தில் ஜப்பானியப் பிள்ளைகளின் பெயர்களைத் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். பதிலுக்கு அவர்கள் நம் பிள்ளைகளின் பெயர்களைத் தூரிகையால் எழுதுவார்கள். அப்போதுதான் வேடிக்கை தொடங்கும்: அவர்கள் எழுத்தில் ர, ற, ல, ள, ழ ஐந்துக்கும் ஒரே ஒலிதான்; "தமிழ்" என்பதே "தமிரு" ஆகிவிடும். எங்கள் கயல்விழிகளும் முகில்களும் அன்று பட்ட பாட்டை எழுத்திலக்கண வகுப்பில் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்.

ஓசூர் தொழிலாளி:

அம்மா விரிவாக எழுதிவிட்டார்கள்; பள்ளியில் கழியும் அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் 22 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பயிற்சிக்காக ஆறு மாதம் நகோயாவில் இருந்திருக்கிறேன். கைசன் (சிறிது சிறிதாக மேம்படுத்தல்), கன்பன் (தேவைக்கேற்ப அட்டை வைத்துப் பொருள் வரவழைத்தல்), போகா-யோகே (தவறு நேராதபடி அமைத்தல்) என்ற ஜப்பானியத் தொழிற்சாலைச் சொற்களை எங்கள் ஊரில் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வேலைக்கு வரும் பையன்கூடச் சொல்வான். செய்ரி (வேண்டாததை நீக்குதல்), செய்தோன் (ஒழுங்காக அடுக்குதல்), செய்சோ (துப்புரவாக்கல்), செய்கெத்சு (அந்த நிலையைக் காத்தல்), ஷிட்சுகே (ஒழுக்கப் பழக்கம்) என்ற ஐந்தும் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கும். நெடுநாள் அவற்றை மேலாளர்கள் நம்மை வேலை வாங்கக் கண்டுபிடித்த விதிகள் என்றே நினைத்திருந்தேன். அங்கே ஓர் ஆரம்பப் பள்ளிக்குப் போனபோது, மணி அடித்ததும் பிள்ளைகள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, நாற்காலிகளை மேசைமேல் ஏற்றி, வரிசையாகக் குனிந்து ஈரத்துணியால் தரையைத் தள்ளிக்கொண்டே ஓடித் துடைத்ததைப் பார்த்தேன். மதியச் சோற்றையும் வெள்ளை மேலங்கி அணிந்த மாணவர்களே முறை வைத்துப் பரிமாறினார்கள். எங்கள் சுவரில் இருக்கும் சொற்கள் எந்த வயதில் அவர்கள் கைக்குப் பழகியவை என்பது அன்றுதான் தெரிந்தது.

உங்கள் பிள்ளைகளை அந்த நேரத்தில் ஓரமாக நிறுத்திப் படம் எடுக்க விடாதீர்கள். துணியைக் கையில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நம் ஊரில் பள்ளியில் யார் கையில் துடைப்பம் கொடுக்கப்படுகிறது, கழிவறையை யார் கழுவுகிறார்கள் என்பதற்குப் பின்னால் இருக்கும் சாதிக் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. அங்கே வகுப்பில் இருக்கும் எல்லோரும் முறை வைத்துச் செய்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஹிரோஷிமா வேண்டாம் என்பது என் கருத்து. எட்டு நாளில் நான்காவது ஊரைச் சேர்த்தால் பிள்ளைகள் ரயிலில் தூங்கித்தான் கழிப்பார்கள்.

அரூர்ப் பெண்:

ஐயா, நான் இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பதினோராம் வகுப்பில் இப்படி ஒரு குழுவில் போயிருந்தேன். பெரியவர்கள் எழுதத் தயங்கக்கூடிய ஒன்றை நான் எழுதுகிறேன்: குளியல். நாங்கள் தங்கிய வீட்டில் குளியலறைத் தொட்டி நிறைய வெந்நீர் வைத்து, விருந்தாளி என்பதால் என்னை முதலில் குளிக்கச் சொன்னார்கள். நான் தொட்டிக்குள் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, அழுக்குத் தண்ணீரை விட்டுவைக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அடைப்பானைப் பிடுங்கிவிட்டேன். அந்த நீரில்தான் வீட்டார் ஐந்து பேரும் ஒருவர்பின் ஒருவராக இறங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. வெளியே சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுவதும் கழுவிக்கொண்ட பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். அது உடம்பைச் சூடாக்கிக்கொள்ள மட்டுமே. அந்த வீட்டு அம்மா ஒரு சொல்லும் சொல்லாமல் மறுபடி நீர் நிரப்பினார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். விடுதிகளில் பொதுக் குளியல் இருந்தால் ஆண்களும் பெண்களும் தனித்தனிதான், ஆனால் உள்ளே ஆடை கிடையாது. எங்கள் பெண்கள் ஒருவரும் போகவில்லை. போகாமல் இருக்கலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அந்தக் கவலையிலேயே மூன்று நாள் போய்விடும்.

செருப்பு விஷயம் நமக்குப் பழக்கம்தான் என்று எண்ணி ஏமாந்தோம். வாசலில் கழற்றுவது சரி; ஆனால் உள்ளே நடக்க ஒரு செருப்பு, கழிவறைக்குள் மட்டும் வேறு செருப்பு, பாய் விரித்த அறைக்குள் எந்தச் செருப்பும் கூடாது. கழிவறைச் செருப்போடு என் தோழி சாப்பாட்டு மேசைவரை வந்துவிட்டாள். உணவுக்குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி வைப்பார்களாம்.

ஜப்பானிய மொழிக்குப் பயப்பட வேண்டாம். நம்மைப் போலவே வினைச்சொல் கடைசியில் வரும். காலையில் புறப்படும்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் "இத்தெகிமாஸ்" என்றார்கள். பொருள் கேட்டால், போய்விட்டு வருகிறேன் என்பதுதான். எங்கள் பாட்டி "போறேன்னு சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு" என்று அதட்டுவது நினைவுக்கு வந்து அன்று வாசலிலேயே கண் கலங்கிவிட்டது.

தருமபுரி மருந்தாளுநர்:

இருமல், சளி மருந்துகளைப் பெற்றோர் பையில் திணித்து அனுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூடோஎஃபெட்ரின் 10 விழுக்காட்டிற்கு மேல் உள்ள மாத்திரைகளை ஜப்பானுக்குள் கொண்டுபோகவே கூடாது. கோடீன் கலந்த மருந்துகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. நாள்தோறும் மருந்து உண்ணும் பிள்ளை இருந்தால், மருந்தின் வேதிப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடு அனுப்புங்கள். மின்சாரம் அங்கே 100 வோல்ட், இரண்டு தட்டை முனைகள் கொண்ட செருகி. நம் உருண்டை முனைச் செருகி நுழையாது.

காவேரிப்பட்டணம் தமிழாசிரியை:

ஓசூர் அண்ணன் சொன்ன களைப்பு உண்மை. ஆனாலும் ஹிரோஷிமாவை விட எனக்கு மனமில்லை. டோக்கியோவில் ஒரு நாளைக் குறைத்தால் போதும். கியோட்டோவிலிருந்து ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள்தான். ஆகஸ்ட் 6 வந்தால் நம் பள்ளிகளில் உறுதிமொழி எடுக்கிறோம். 1945இல் அந்தக் காலை வேளையில், தீ பரவாதிருக்க வீடுகளை இடிக்கும் வேலைக்கு அழைத்து வரப்பட்ட 12, 13 வயதுப் பிள்ளைகள் பலர் மாண்டார்கள் என்பதை அந்த உறுதிமொழி சொல்வதில்லை. அருங்காட்சியகத்தில் கருகிய சோறோடு ஒரு சாப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. எங்கள் குழுவில் அதன் முன் ஒருவரும் பேசவில்லை, ஒருவரும் படம் எடுக்கவில்லை. குண்டு விழுந்தபோது 2 வயதாக இருந்து, பின்னர் நோய் தீர வேண்டிக் காகிதக் கொக்குகளை மடித்தும் 1955இல் இரத்தப் புற்றுநோயால் 12 வயதில் இறந்த சடாகோ சசாகியின் கதையைச் சொல்லி, காகிதக் கொக்குகளை இங்கேயே மடித்துக் கோத்து எடுத்துப் போங்கள். சிறுவர் நினைவுச்சின்னத்தில் அவற்றை வைக்க இடம் உண்டு. விரும்பாத பிள்ளை ஆசிரியையோடு வெளியே பூங்காவில் இருக்கலாம், கட்டாயப்படுத்த வேண்டாம்.

இன்னொன்று. மே மாதம் என்றால் எங்கள் பக்கத்துப் பெற்றோர் மாம்பழக் கூடையோடு வந்து நிற்பார்கள். பூச்சியோ நோயோ இல்லை என்று அரசு தரும் தாவரச் சான்று இல்லாத பழத்தை அங்கே உள்ளே விடமாட்டார்கள். எங்கள் குழுவில் ஒரு தோட்டக்காரர் கொண்டுவந்த கூடையைப் பெங்களூரு விமான நிலைய வாசலிலேயே நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து தின்று தீர்த்தோம்.

பாலக்கோடு ஆசிரியர்:

அனைவருக்கும் நன்றி. டோக்கியோவில் ஒரு நாளைக் குறைக்க முடியுமா என்று முகவரிடம் இன்று கேட்டிருக்கிறேன். அரூர்ப் பெண் எழுதியதை எங்கள் ஆசிரியை மாணவியருக்குத் தனியாகப் படித்துக் காட்டினார்; சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்றாம், பிறகு கேள்விகள் வந்தனவாம். வரும் திங்கள் முதல் எங்கள் 14 பேரும் அவரவர் வகுப்பறையை அவர்களே துடைக்கப் போகிறார்கள். ஆசிரியர்கள் இருவரும் சேர்ந்துதான். அம்மா, உங்களிடம் அந்த உணவு அட்டையின் படி இன்னும் இருந்தால் இங்கே பதிவிட முடியுமா? முட்டை உண்ணும் சைவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தனி அட்டை வேண்டும்.