நெய்யில் உள்ள சி15 கொழுப்பு அமிலம்: யாராவது கேப்சூல் எடுத்திருக்கிறீர்களா?

அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரையும் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ராலும் அதிகம் இருப்பதால் வீட்டில் நெய்யை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. இப்போது தம்பி, பால் கொழுப்பில் உள்ள பென்டாடெக்கனாயிக் அமிலம், அதுதான் சி15, சர்க்கரைக்கு நல்லதாம், கேப்சூல் வாங்கலாம் என்று ஒரே பிடிவாதம். தேடிப் பார்த்தேன். 2014இல் வந்த எபிக்-இன்டர்ஆக்ட் என்ற ஐரோப்பிய ஆய்வில், ரத்தத்தில் இது அதிகம் இருந்தவர்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் குறைவாக வந்தது உண்மைதான். ஆனால் அது வெறும் தொடர்பு, பால், தயிர் நிறைய சாப்பிடுகிறவர்கள் என்பதற்கான அடையாளமாகக்கூட இருக்கலாம். சரி, நெய்யே போதுமா என்றால் பால் கொழுப்பில் இது சுமார் 1 சதவீதம்தான், ஒரு டீஸ்பூனில் 50 மில்லிகிராம் தேறினால் பெரிது, கூடவே 3 கிராம் நிறைவுற்ற கொழுப்பும் வந்துவிடும். கேப்சூல் விலையோ தலை சுற்றுகிறது. வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுத்து முன்னும் பின்னும் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு), ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரை) டெஸ்ட் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அப்புறம், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையோடு சேர்த்து எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.