கேமிங் லப்டொப்: எதை வாங்கும்போதே பாக்கணும், எதைப் பிறகு போடலாம்?

கல்லடியிலிருந்து:

சித்தியின்ட மகனுக்கு லப்டொப் எடுக்க டவுனுக்குக் கூட்டிப் போனேன். கேமும் விளையாடணும், வீடியோ எடிட்டிங்கும் செய்யணும் என்டான். கடையில ஒரே மொடல் ரெண்டு வகையில கிடந்தது, ரெண்டுலயும் என்விடியாவின்ட ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்ட் (ஜிபியு). ஒன்டில 32 ஜிபி ரெம், 1 டிபி எஸ்எஸ்டி, ஆனா திரை 45% என்டிஎஸ்சி (எவ்வளவு நிறம் காட்டும் என்ட அளவு), 250 நிட்ஸ் (வெளிச்ச அளவு). மற்றதில 16 ஜிபி, 512 ஜிபி, திரை 100% எஸ்ஆர்ஜிபி (அதுவும் நிற அளவுதான்), 300 நிட்ஸ். விலை கிட்டத்தட்ட ஒன்டுதான். கடைக்காரர் முதலாவதையே எடுக்கச் சொல்லி நின்டார்.

ரெண்டையும் பக்கத்துல வச்சு, கோயில் திருவிழாப் படம் ஒன்டைத் திறந்து பாத்தம். முதலாவதில சிவப்புப் பட்டு செங்கல் நிறத்துக்குப் போயிட்டு. அந்தத் திரை எஸ்ஆர்ஜிபி நிறங்கள்ல மூன்றில ரெண்டு பங்கு அளவுதான் காட்டும். ரெண்டுமே 144 ஹெர்ட்ஸ் (செக்கனுக்கு 144 தரம் படம் மாறும்) என்டதால ஸ்டிக்கரை மட்டும் பாக்கிற ஆளுக்கு வித்தியாசம் விளங்காது.

ரெண்டாவதைத்தான் எடுத்தம். பின் மூடியைக் கழட்டினா ரெம் ஸ்லொட் ஒன்டு வெறுமையா இருக்கு, எஸ்எஸ்டி போடுற எம்.2 ஸ்லொட்டும் ஒன்டு மிச்சம். காசு சேரச் சேரப் போடலாம். ஜிபியு போர்டோட பற்றவச்சது, அதின்ட 8 ஜிபி விரெமை (ஜிபியுவின்ட சொந்த மெமரி) ஒருநாளும் கூட்ட ஏலாது. மறுகா இன்னொரு 16 ஜிபி ரெம் வாங்கிப் போட்டம். ரெண்டு ரெம்மும் சேந்து டுவல் சனலா ஓடத் தொடங்கின பிறகு, சண்டை சூடாகிற இடத்துல திக்கினது நல்லாக் குறைஞ்சிட்டு.

அக்கரைப்பற்றிலிருந்து:

தம்பி சொன்னது சரி. நான் ரிப்பெயார் வேலை செய்றவன். "திரையைப் பிறகு மாத்தலாம்தானே" என்டு கேட்டு வாறவங்க கூட. ஒருத்தர் கொழும்புல 144 ஹெர்ட்ஸ் பனல் (திரை) வாங்கிட்டு வந்தார். திறந்து பாத்தா அவர்ட மெசின்ல 60 ஹெர்ட்ஸ் பனல், 30 பின் கேபிள். புதுப் பனல் 40 பின். கேபிளை மாத்தினாலும், போர்டில அந்த 40 பின்னுக்குரிய லைன்கள் முழுசா வந்திருக்கணும். அவருக்கு வரல்ல, பனலைத் திருப்பிக் கொண்டு போனார். பழைய பனலின்ட பின்பக்க ஸ்டிக்கர்ல இருக்கிற நம்பரைப் பாக்காம ஒருத்தரும் பனல் வாங்க வேணாம்.

ரெம்மும் அப்படித்தான். டிடிஆர்4 ரெம் ஸ்லொட்டுல புது வகை டிடிஆர்5 இறங்காது, ரெம்மின்ட அடியில இருக்கிற வெட்டு வேற இடத்துல இருக்கும். மெல்லிசான மொடல்கள்ல ரெம்மையே போர்டில பற்றவச்சு வாறதும் இருக்கு, வாங்க முதல் கேளுங்க. மூடியைத் திறந்தா முதல் வேலை பற்றரி கேபிளைக் கழட்டுறது. கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்கள் அந்த நேரமே ஃபேனையும் துடைச்சிருங்க. உப்புக்காத்தும் தூசியும் சேந்து ஃபேன் பக்கத்துல சூட்டை வெளியேத்துற தகடுகளை அடைச்சிரும்.

ஒலுவிலிலிருந்து:

காக்கா, ஜிபியு எடுக்கிற மின்சக்தி, அதான் வொட்ஸையும் சொல்லணும். 4060 என்டு ஒரே பேர்ல 35 வொட்ஸிலயும் வருது, 115 வொட்ஸிலயும் வருது. என்ட ரூம்மேட்டின்ட மெல்லிசு மொடலும் என்டதும் ஒரே கார்ட்தான். ஒரே கேமை ஒரே செட்டிங்ஸ்ல போட்டா என்டது தெளிவா முந்தும். கடையிலேயே என்விடியா கொன்ட்ரோல் பனலில சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து வொட்ஸைப் பாக்கலாம்.

மக்ஸ் சுவிட்ச் இருக்கா என்டும் கேளுங்க. அது இருந்தா என்விடியா கார்ட்டின்ட படம், ப்ரொசசருக்குள்ள இருக்கிற சின்ன ஜிபியுவைச் சுத்தாம நேரா திரைக்கு வரும். இல்லாத மொடல் என்டா, எச்டிஎம்ஐ போர்ட் நேரா என்விடியாவோட சேந்திருக்கான்னு பாத்து வெளி மொனிட்டர் போடலாம். திரை சரியில்லாத லப்டொப்பை ஏற்கனவே வாங்கிட்ட ஆக்களுக்கும் மலிவான வழி அதுதான்.