சிறுவிடையில் இனவிருத்திக்கு எதை நிறுத்துவது, எதைக் கழிப்பது? பொரிப்பும் குறைகிறது

கேள்வி: தாராபுரம் தோட்டம்

வணக்கம். தோட்டத்தில் மேய்ச்சலில் சிறுவிடை நாட்டுக்கோழி வளர்க்கிறேன், பெட்டை இருபதுக்கு மேல் இருக்கும், சேவல் இரண்டு. பெட்டை அவயத்துக்கு, அதாவது அடைகாக்க, உட்கார்ந்தால் அதற்கே முட்டை வைத்துவிடுவேன், இல்லாவிட்டால் சின்ன இன்குபேட்டர் ஓடும். ஆரம்பத்தில் வைத்த முட்டையில் முக்கால்வாசி பொரித்தது. இப்போது இரண்டு வழியிலும் பாதி தேறுவதே பெரிய விஷயமாக இருக்கிறது. பொரித்த குஞ்சுகளும் ஒரே சீராக வருவதில்லை, ஒரே அவயத்தில் வந்த சேவல் குஞ்சுகளில் ஒன்று ஒன்றேகால் கிலோ நிற்கும்போது இன்னொன்று அரை கிலோவைத் தாண்டாமல் கிடக்கிறது.

சேவல் இரண்டும் எங்கள் பட்டியிலேயே பிறந்த அண்ணன் தம்பிகள். பெரிய சேவல்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நல்ல விலைக்குப் போய்விடும், மீதியில் நிறம் பார்த்து இரண்டை நிறுத்திக்கொள்வது வழக்கம். எந்த வயதில் எதைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும், எதைக் கழிக்க வேண்டும், ஓட்டை உடைக்க முடியாமல் கிடக்கும் குஞ்சைக் கையால் எடுத்துவிடலாமா, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: உடுமலை

தம்பி, அந்தப் பண்டிகை விற்பனையிலிருந்துதான் தொடங்க வேண்டும். நாலு மாதத்தில் முந்தி எடை ஏறிய சேவலை வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, விலை போகாததை இனவிருத்திக்கு நிறுத்தினால், வருடா வருடம் மெதுவாக வளரும் கோழியைத்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறோம். எடை என்பது தாய் தகப்பனிடமிருந்து நன்றாகவே இறங்கும் குணம், அதனால் இதன் விளைவு நாலைந்து தலைமுறையிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். முதல் தரமான சேவலுக்கு வியாபாரி என்ன விலை சொன்னாலும் அது விற்பனைக்கு இல்லை என்று முடிவு செய்யுங்கள். மீதி எல்லாவற்றையும் தாராளமாக விற்கலாம், அதையும் ஆவணிக்குள் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புரட்டாசி முழுக்கக் கறிக்கு ஆள் இல்லாமல் தீனிதான் செலவாகும்.

தேர்வுக்கு ஒரே ஒரு நாள் என்று கிடையாது. பொரித்த அன்றே குஞ்சு எந்தப் பெட்டையின் வாரிசு என்று தெரிய ஓர் அடையாளம் வேண்டும். வெளியே விடுவதற்கு முன் காலையில் பெட்டையைப் பிடித்து விரலால் பார்த்து, முட்டை இருந்தால் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுவார்களே நம் வீடுகளில், அதையே செய்து, இட்ட முட்டையில் பென்சிலால் அந்தப் பெட்டையின் எண்ணை எழுதுங்கள். குஞ்சுக்குக் காலில் நிற வளையம் போடலாம், கால் பெருக்கப் பெருக்க வளையத்தை மாற்ற மறந்தால் சதையை அறுத்துவிடும், கவனம். எட்டு வாரத்தில் முதல் தடவை எடை போட்டு, நொண்டி, அலகு கோணல், இறகு சரியாக மூடாதது எல்லாவற்றையும் தனியே பிரித்துவிடுங்கள். பதினாறு வாரத்தில் இரண்டாவது எடை. அதுவும் ஒரே அவயத்தில் வந்த சேவலை அதே அவயத்துச் சேவலோடுதான் ஒப்பிட வேண்டும், தை மாதக் குஞ்சையும் சித்திரைக் குஞ்சையும் ஒரே தராசில் வைத்துப் பேசக் கூடாது, தீனியும் வெயிலும் வேறு.

ஆனால் எடையை மட்டும் பார்த்தால் சிறுவிடையின் அருமை போய்விடும். ஒரு பெட்டை வருடத்துக்கு மூன்று நான்கு அவயம், ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து முட்டை, பிறகு இருபத்தொரு நாள் அசையாமல் உட்காருவது, பருந்து வந்தால் எதிர்த்து நிற்பது, எட்டு வாரம் வரை குஞ்சைப் பிரியாமல் மேய்ப்பது, இவ்வளவும் சேர்ந்துதான் தாய்க்கோழி. அதனால் பெட்டையின் கணக்கை அது இட்ட முட்டையில் நிறுத்தாமல், எட்டாவது வாரத்தில் உயிரோடு நிற்கும் அதன் குஞ்சுகளை எண்ணி எழுதுங்கள். அந்த நோட்டைப் புரட்டினால் கழிக்க வேண்டிய பெட்டை எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. வனராஜா, கிரிராஜா போன்ற மேம்படுத்திய இனங்களின் கலப்பு ஏறிய பெட்டைகள் முட்டை கூடுதலாக இடும், ஆனால் அவயத்துக்கு உட்காருவது அபூர்வம். இன்குபேட்டரே போதும் என்பவருக்கு அது பரவாயில்லை, மேய்ச்சலில் தாயோடு வளர்க்கிறவருக்கு ஒத்துவராது.

இட்டு நிறுத்திய பெட்டையா, இடவே இடாத பெட்டையா என்று சந்தேகம் வந்தால் ஆசனவாய்க்கு இரு பக்கமும் உள்ள இடுப்பெலும்பு முனைகளுக்கு நடுவில் விரல் வைத்துப் பாருங்கள். இடுகிற பெட்டைக்கு இரண்டு விரல் தாராளமாகப் போகும், கொண்டையும் சிவந்து இருக்கும். அவயத்தில் இருக்கும்போதோ இறகு உதிர்க்கும்போதோ பார்த்து அவசரப்பட்டுக் கழித்துவிடாதீர்கள், அப்போது எல்லாப் பெட்டைக்கும் சுருங்கித்தான் இருக்கும்.

பதில்: நாமக்கல் இன்குபேட்டர்

உடுமலை அண்ணன் தேர்வைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் பொரிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பொரிக்காத முட்டையைத் தூக்கி எறியாதீர்கள் சகோ, ஒவ்வொன்றையும் உடைத்துப் பாருங்கள், காரணம் உள்ளேயே இருக்கும். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் அது பெரும்பாலும் கரு கூடாத முட்டை, சேவல் பக்கம் பார்க்க வேண்டும். இருபதுக்கு மேற்பட்ட பெட்டைக்கு இரண்டு சேவல் என்பது விளிம்புக் கணக்குதான், எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒன்று என்றால் நிம்மதி. இரண்டில் ஒன்று மற்றதை விரட்டிக்கொண்டே இருந்தால் உண்மையில் உங்களுக்கு ஒரு சேவல்தான். ரத்த வளையம் தெரிந்தால் கரு உருவாகி ஆரம்பத்திலேயே செத்திருக்கிறது, முட்டையைச் சேர்த்து வைத்த விதத்தையும் மிஷின் சூட்டையும் சந்தேகப்படுங்கள். முழுக் குஞ்சாகி ஓட்டுக்குள் செத்திருந்தால் ஈரப்பதம், காற்றோட்டம், திருப்பிவிடுவது ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று.

நம் ஊர் வெயிலில் பலரும் கவனிக்காதது முட்டை சேர்ப்பது. சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள்ளேயே 33, 34 டிகிரி இருக்கும், அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளர ஆரம்பித்து, வளரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் செத்துவிடும். ஈர மணல் மேல் மண்பானையை வைத்து, முட்டையின் கூர்முனை கீழே இருக்கும்படி அதற்குள் அடுக்கி, வாயைத் துணியால் மூடுங்கள். வெயில் காலத்தில் நாலைந்து நாளுக்கு மேல் சேர்க்க வேண்டாம், குளிர்ந்த நாட்களில் ஒரு வாரம் வரை போகலாம். கழுவவே கூடாது, அழுக்கு முட்டையை அவயத்துக்கு வைக்காமல் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

மிஷினில் விசிறி இருந்தால் 37.5 டிகிரி, ஈரப்பதம் முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70 சதவீதம். கையால் திருப்புகிறவர்கள் நாளைக்கு மூன்று தடவையோ ஐந்து தடவையோ என்று ஒற்றைப்படையில் திருப்புங்கள், அப்போதுதான் ராத்திரி முழுக்கத் தினமும் ஒரே பக்கமாகக் கிடக்காது. 18-ஆம் நாள் திருப்புவதை நிறுத்திவிட வேண்டும். கரண்ட் போனால் பதற வேண்டாம், ஓரிரு மணி நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கும், ஆனால் 40 டிகிரிக்கு மேல் போனால் கொஞ்ச நேரத்திலேயே கதை முடிந்துவிடும். மிஷினோடு வரும் மீட்டரை நம்பாமல் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே வைத்து ஒரு தடவை ஒத்துப் பாருங்கள்.

ஓட்டில் துளை போட்ட குஞ்சு வெளியே வர ஒரு நாள் கூட ஆகலாம். அந்த நேரத்தில்தான் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது, ஓட்டின் உள்தோலில் ஓடும் ரத்தமும் வற்றுகிறது. அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கசிந்து செத்துவிடும். ஒரு நாள் தாண்டியும் தோல் காய்ந்து ஒட்டிக்கிடந்தால் மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மெல்ல ஈரமாக்கி உதவுங்கள். அப்படி வந்த குஞ்சுக்குத் தனி அடையாளம் போட்டுக் கறிக்கு வளர்க்கலாம், அதன் வாரிசு பட்டியில் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: தாராபுரம் தோட்டம்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒன்று, கடந்த இரண்டு அவயத்தில் விரல் மடங்கிய குஞ்சுகள் வந்தன. அம்மா எதையும் கழிக்க விடமாட்டேன் என்கிறார், அதுவும் ஓர் உயிர்தானே, ஓரமாக மேயட்டும் என்கிறார். என்ன செய்வது?

பதில்: ஒட்டன்சத்திரம்

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது தம்பி. கழிப்பது என்றால் கொல்வது என்று மட்டும் அர்த்தமில்லை, இனவிருத்தியிலிருந்து விலக்குவதுதான் முக்கியம். விரல் கொஞ்சம் மடங்கிய பெட்டை மேய்ந்து முட்டை போடட்டும், அந்த முட்டையைச் சாப்பிடுங்கள், அவயத்துக்கு வைக்காதீர்கள், அவ்வளவுதான். ஆனால் தீனி எட்டாமல் மெலிந்துகொண்டே போகும் அலகு கோணல் குஞ்சையும், எழுந்து நிற்கவே முடியாததையும் நாள் கணக்கில் வைத்திருப்பது இரக்கம் ஆகாது. பழகிய ஆளை வைத்து ஒரே நொடியில் கழுத்தைத் திருகி முடித்துவிட வேண்டும், அதையும் அம்மாவிடம் மறைக்காமல் பேசுங்கள். எங்கள் வீட்டில் அந்த முடிவை எடுப்பது நான்தான், வருத்தம் இல்லாமல் செய்ததே கிடையாது.

விரல் மடங்குவதற்கு முதலில் நோட்டைப் பாருங்கள். எல்லாப் பெட்டைகளின் குஞ்சுக்கும் வந்தால் அது பெரும்பாலும் தாய்க்கோழித் தீனியில் வைட்டமின் பி2 குறைவு, வெறும் சோளமும் அரிசியும் போட்டால் வரும். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, கரையான், கொஞ்சம் தீவனம் என்று கொடுத்தால் அடுத்தடுத்த அவயத்தில் சரியாகும். ஒரே பெட்டையின் குஞ்சுக்கு மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அது ரத்தத்தில் இருக்கிறது, அந்தப் பெட்டையை இனவிருத்தியிலிருந்து விலக்குங்கள். கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து போவது வேறு, வழுக்கும் செய்தித்தாள் மேல் விட்டால் வரும், சாக்கு விரித்தால் போதும், அந்தக் குஞ்சைக் கழிக்க வேண்டாம்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். வெள்ளைக்கழிச்சலில் பிழைத்ததை மட்டும் வைத்து எதிர்ப்புச் சக்தியுள்ள பட்டியை உருவாக்குவேன் என்று சிலர் தடுப்பூசியே போடுவதில்லை. அது பட்டியையே துடைத்துவிடும் நோய், பிழைப்பது எது என்று பொறுமையாகப் பார்த்துத் தேர்வு செய்ய அவகாசமே கொடுக்காது. ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து, நாலு வாரத்தில் மறுபடி, எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி, இதை விடக்கூடாது. கால்நடை மருந்தகத்தில் பிப்ரவரி முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். மருந்து கொடுத்த கோழியைக் கழிப்பதாக இருந்தால் லேபிளில் போட்டிருக்கும் நாள் கழியும் வரை கறிக்கு விற்காதீர்கள். கழித்த கோழியைத் தாய்க்கோழி என்று சொல்லி அக்கம்பக்கத்தில் யாருக்கும் கொடுத்துவிடவும் வேண்டாம்.

பதில்: உடுமலை

ஒன்று விட்டுப்போனது. அந்த அண்ணன் தம்பி சேவல் இரண்டையும் மாற்றுங்கள். கூடப்பிறந்த பெட்டைகளோடு அவை சேரச் சேர முதலில் அடி வாங்குவது பொரிப்பும் குஞ்சு பிழைப்பதும்தான், எடை பிறகுதான் குறையும். அவயத்திலும் மிஷினிலும் சேர்ந்தே குறைகிறது என்கிறீர்கள், அதனால் எனக்குச் சேவல் மேல்தான் சந்தேகம். இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி, சிறுவிடை மட்டும் வைத்திருப்பவரிடம் இரண்டு சேவல் வாங்கி, மூன்று வாரம் தனியே கட்டி வைத்து நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகு பட்டியில் விடுங்கள். பழைய சேவலின் விந்து பெட்டை உடம்பில் இரண்டு மூன்று வாரம் வரை தங்கும், ஆகவே பழையதை எடுத்து மூன்று வாரம் கழித்துச் சேர்க்கும் முட்டையைத்தான் புதுச் சேவலின் கணக்கில் எழுத வேண்டும்.

இடம் இருந்தால் பெட்டைகளை மூன்று பட்டியாகப் பிரித்துவிடுங்கள். முதல் பட்டியில் பிறந்த சேவல் இரண்டாவதுக்கு, இரண்டாவதில் பிறந்தது மூன்றாவதுக்கு, மூன்றாவதில் பிறந்தது முதலாவதுக்கு. பெட்டைக் குஞ்சுகள் பிறந்த பட்டியிலேயே இருக்கட்டும். இப்படிச் சுற்றினால் ரொம்ப வருடத்துக்கு வெளியிலிருந்து சேவல் தேட வேண்டியிருக்காது. முட்டையில் எண் எழுதுவதை மட்டும் இந்த வாரமே ஆரம்பித்துவிடுங்கள், அடுத்த அவயம் பொரித்ததும் கணக்கை இங்கே போடுங்கள், எந்தப் பெட்டையை நிறுத்தலாம் என்று பெயர் பெயராகப் பார்க்கலாம்.