டைம்அவுட்: 'காலாவதி' வேண்டாம், 'காத்திருப்பு வரம்பு' என்போம்

வணக்கம் நண்பர்களே,

மின்னஞ்சல் சர்வர் அமைப்புகளில் வரும் டைம்அவுட்டுக்கு நம் கலைச்சொல் பட்டியலுக்காக வந்த 'இணைப்புக் காலாவதி' என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. காலாவதி என்பது சான்றிதழுக்கும் கடவுச்சொல்லுக்கும் பொருந்தும். ஒரு தேதி வரை செல்லும், அப்புறம் செல்லாது. இங்கே அப்படி எதுவும் செல்லாமல் போவதில்லை. மறுமுனையிலிருந்து பதில் வரவில்லை, இதற்கு மேல் பொறுப்பதில்லை என்று இந்த முனை எடுக்கும் முடிவு இது. 'காலக்கெடு'வும் ஒட்டவில்லை. கெடு அடுத்தவருக்கு விதிப்பது. மறுமுனைக்கோ இந்தக் கணக்கு தெரியவே தெரியாது.

என் பரிந்துரை 'காத்திருப்பு வரம்பு'. எதற்கான காத்திருப்பு என்பதை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். சர்வர்களுக்கிடையே மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் நெறிமுறையான எஸ்எம்டிபியில் அது கட்டாயம் தேவை. அதன் தர ஆவணமான ஆர்எஃப்சி 5321 ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிக் குறைந்தபட்ச நேரம் சொல்கிறது: முதல் வரவேற்பு வரிக்கு 5 நிமிடம், கடிதத்தை அனுப்பப்போகிறோம் என்று சொல்லும் டேட்டா கட்டளைக்கான பதிலுக்கு 2 நிமிடம், கடிதம் முழுவதையும் அனுப்பிக் முடிந்தது என்று காட்டும் கடைசிப் புள்ளி வைத்த பிறகு 10 நிமிடம்.

அந்த 10 நிமிடத்தைக் குறைக்கத்தான் பலருக்கும் கை துறுதுறுக்கும். தயவுசெய்து வேண்டாம். பல சர்வர்கள் புள்ளி வந்த பிறகுதான் வைரஸ், ஸ்பாம் சோதனைகளை முடித்துக் கடிதத்தை ஏற்கின்றன. ஏற்றுக்கொண்டு 250 என்று பதில் சொல்வதற்குள் நாம் இணைப்பை அறுத்துவிட்டால், நம் சர்வரின் அனுப்பு வரிசையில் கடிதம் அப்படியே நிற்கும். மறுபடி அனுப்புவோம். பெறுபவருக்கு ஒரே கடிதம் இரண்டு மூன்று முறை போய்ச் சேரும். இணைப்பு ஏற்படுவதற்கான வரம்பு வேறு. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் சர்வர் மென்பொருளில் அது இயல்பாக 30 விநாடி. கடிதம் இன்னும் கைமாறாத கட்டம் என்பதால் அங்கே இந்த இரட்டிப்புச் சிக்கல் இல்லை.

பதிவுக் கோப்பில் வரும் பிழைச் செய்திக்கு 'காத்திருப்பு முடிந்தது' என்று சிலர் எழுதியிருந்தீர்கள். பதில் வந்துவிட்டது என்றும் அதைப் படிக்கலாமே! 'காத்திருப்பு வரம்பு கடந்தது' என்றால் குழப்பமில்லை.

சர்வரில் உள்ள அஞ்சலைப் படிப்பதற்கான ஐமாப் நெறிமுறையில் பயனர் எதுவும் செய்யாமல் இருந்தால் சர்வர் தானாக வெளியேற்றும் நேரம் இருக்கிறதே, குறைந்தது 30 நிமிடம், அதற்கு இந்தச் சொல் சரிவராது. அங்கே நிலுவையில் எந்தப் பதிலும் இல்லை. 'செயலின்மை வரம்பு' என்று தனியாக வைக்கலாம் என நினைக்கிறேன். இதைவிடச் சின்னச் சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பட்டியலில் சேர்க்கிறேன்.