புதுப்பிப்பு: 99%-இல் நின்ற பதிவிறக்கப் பட்டை

நான் எழுதும் கட்டளைவரிக் கருவியில் பட்டை 99%-க்கு வந்து அப்படியே நிற்கிறது, பயனர்கள் பொறுமை இழந்து கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்திவிடுகிறார்கள் என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

பதிவிறக்கம் எப்போதோ முடிந்துவிடுகிறது. அப்புறம் நடக்கும் செக்சம் சரிபார்ப்பும் (கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று பார்ப்பது) சுருக்கிய கோப்பை விரிப்பதும்தான் நேரம் எடுக்கின்றன. மூன்றையும் ஒரே பட்டையில் அடைத்தது தவறு. இப்போது 100% ஆனதும் அந்த வரி முடிந்து, அடுத்த வரியில் "சரிபார்க்கிறது… 212 / 640 எம்பி" என்று ஓடுகிறது. நிற்கவில்லை என்பது கண்ணுக்குத் தெரிவதே பெரிய நிம்மதி.

வேகமும் குதித்துக்கொண்டே இருந்தது. கர்ல் (curl) என்ற பதிவிறக்கக் கருவி காட்டுவது போலக் கடைசி 5 நொடிகளின் சராசரியை எடுத்தேன், மீதி நேரக் கணிப்பும் குதிக்காமல் அடங்கிவிட்டது. சர்வர் கோப்பின் அளவைச் சொல்லாவிட்டால் சதவீதமே காட்டுவதில்லை. வந்துசேர்ந்த எம்பி மட்டும்தான். ஊகித்து ஒரு சதவீதம் போடுவது பயனரை ஏமாற்றுவது.

கிரானில் (குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் வசதி) ஓட்டினால் லாக் முழுக்கப் பட்டைத் துண்டுகள் என்று ஒருவர் சொல்லியிருந்தார், சரிதான். வெளியீடு டெர்மினலுக்குப் போகவில்லை என்றால் இனி 10%-க்கு ஒரு வரி. இந்தப் பட்டை, வரிகள் எல்லாமே ஸ்டாண்டர்ட் எரர் என்ற தனி வெளியீட்டு வழிக்குத்தான் போகிறது, அதனால் பைப் வழியாக அடுத்த நிரலுக்குப் போகும் தரவு கெடாது.

ஒன்று பாக்கி: தமிழில் கோப்புப் பெயர் இருந்தால் பட்டையின் ஓரம் இன்னும் நகர்கிறது. பெயரில் உள்ள யூனிகோட் குறிகளை (எழுத்துகளுக்குக் கணினி தரும் எண்களை) எண்ணினால் போதாது, திரையில் பிடிக்கும் அகலத்தை எண்ண வேண்டும். அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.