மறு: காரீயக் குண்டு வார்ப்பு – 'சைசிங்'குக்கு என்ன போடலாம்?

> சைசிங் = அளவிடல். இதுக்குப் போய் நாலு நாளா இழுக்கணுமா?

அளவிடல்னா அளக்கறது சார். இங்க யாரும் அளக்கல, குண்டோட உடம்பையே ஒரு ஓட்டைக்குள்ள அழுத்தித் தள்ளி இளைக்க வைக்கறாங்க. அளக்கறது அதுக்கு முன்னாடி ஒருதரம், பின்னாடி ஒருதரம் மைக்ரோமீட்டர்ல நடக்கற தனி வேலை, அதுக்கும் இதே சொல்லப் போட்டா நாம தமிழ்ல எழுதற இந்தக் குண்டு வார்ப்புக் கட்டுரையில ஒரே பத்தியில ரெண்டும் மோதும்.

புதுசா சேர்ந்தவங்களுக்காக வேலை என்னன்னு சொல்லிடறேன். அமெரிக்காவுல கைத்துப்பாக்கி வெச்சிருக்கறவங்கள்ல ஒரு கூட்டம் குண்டைக் கடையில வாங்காம வீட்டு கராஜ்ல காரீயத்தை உருக்கி அவங்களே வார்த்துக்கறாங்க. சொந்த உபயோகத்துக்குன்னா அங்க மத்திய அரசு லைசென்ஸ் வேணாம், வார்த்து விக்கறதா இருந்தா வேணும். இந்தியாவுல லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கறது 1959 ஆயுதச் சட்டத்துல குற்றம், அதனால இந்தப் பொழுதுபோக்கே இங்க கிடையாது, பட்டறைப் பேச்சும் கிடையாது, சொல் வேணும்னா பக்கத்துத் தொழில்கள்ல இருந்துதான் எடுத்தாகணும். ராணுவக் கலைச்சொல் தொகுதியில தேடிப் பிரயோஜனம் இல்ல.

வார்க்கறது இப்படி. ரெண்டு பாதியா திறக்கற இரும்பு இல்ல அலுமினிய அச்சு, மேல ஒரு தகடு, தகட்டுல ஊத்தற துளை. சுமார் 370 டிகிரி செல்சியஸ்ல இருக்கற உலோகத்தை துளை நிரம்பி மேல ஒரு சின்னக் குட்டையா நிக்கற அளவுக்கு ஊத்துவாங்க. அந்தக் குட்டை கண்ணாடி மாதிரி மினுங்கிட்டே இருந்து சட்டுனு மங்கும், மங்கினா உறைஞ்சுடுச்சுன்னு அர்த்தம், அப்ப ஒரு மரக்கட்டையால தகட்டைத் தட்டினா அது நகர்ந்து மேல இருக்கறத நறுக்கிடும், அச்சைத் திறந்தா குண்டு மடிச்சு வெச்ச துணி மேல விழும். அச்சு சூடு பத்தலன்னா குண்டு உடம்பெல்லாம் சுருக்கம், சூடு அதிகமானா மேல வெள்ளையா நரைச்சிருக்கும். (நரைப்புங்கற சொல்லு எனக்குப் பிடிச்சிருக்கு, 'உறைபனித்தன்மை'ன்னு யாரோ போட்டிருந்தீங்க, வேணாமே.) நறுக்கி விழற அந்த மிச்சத்துக்கு 'காம்பு', தகட்டுக்கு 'காம்புத் தகடு', இதுல யாருக்கும் ஆட்சேபனை இல்லன்னு எடுத்துக்கறேன்.

இப்ப சைசிங்குக்கு வரேன். துப்பாக்கிக் குழலுக்குள்ள ரைபிளிங் இருக்கு, அதாவது குண்டைச் சுழல வைக்கறதுக்கு உள்சுவர்ல திருகாணி மாதிரி வெட்டின பள்ளங்கள், அதுக்கு 'புரி'ன்னு ஏற்கெனவே முடிவு பண்ணியாச்சு, புரிப்பள்ளம், புரிமேடு. குண்டு அந்தப் பள்ளத்தையும் அடைச்சுட்டுப் போகணும். ஒல்லியா இருந்தா பின்னாடி இருந்து வர்ற கொதிக்கற வாயு பக்கவாட்டுல கசிஞ்சு காரீயத்தை அரிச்சு குழல் சுவர்ல அப்பிடும், அதை அப்புறம் சுரண்டி எடுக்கறது பெரும்பாடு. அதனால வார்த்த குண்டு புரிப்பள்ளத்து விட்டத்தை விட ஒரு அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு, கோயமுத்தூர் லேத் பட்டறையில 'ஒரு தௌ'ம்பாங்களே அந்த அளவு, பெருசா இருக்கணும்னு பொதுக்கணக்கு. தோட்டா வகை வாரியா சொன்னா, 9 எம்எம்முக்கு செப்பு உறை போட்ட குண்டு 0.355 அங்குலம், வார்த்தது 0.356. பாயிண்ட் 38 ஸ்பெஷலுக்கு 0.357, வார்த்தது 0.358. பாயிண்ட் 45 ஏசிபிக்கு 0.451, வார்த்தது 0.452. அச்சுல இருந்து வர்ற குண்டு இதை விடக் கொஞ்சம் தடியா, சில சமயம் வட்டமே சரியில்லாம வரும், அதை சரியான துளை வழியா தள்ளி எடுக்கறதுதான் சைசிங்.

குண்டு கெட்டியா இருந்தா போதும், குழல்ல அப்பாதுன்னு புதுசா வர்றவங்க நினைப்பாங்க, அனுபவப்பட்டவங்க அப்படி சொல்றதில்ல, விட்டம் பொருந்தினாலே பாதிப் பிரச்சினை தீரும்பாங்க. அதனாலதான் இந்த ஒரு சொல்லுக்கு நான் இவ்ளோ மல்லுக்கட்டறேன், மொத்தக் கட்டுரையும் இது மேலதான் நிக்குது.

வந்த பரிந்துரைகள்:

'சைசிங்'னே வெச்சுடலாம்ங்கறது ஒண்ணு. ஈரோடு பள்ளிபாளையம் பக்கம் போய் சைசிங்னு சொல்லிப் பாருங்க, பாவு நூலுக்குக் கஞ்சி போடற மில்லுக்கு வழி காட்டுவாங்க. அந்தச் சொல்லுக்கு இங்க ஏற்கெனவே பட்டா ஆயிடுச்சு.

'அளவாக்கல்' தப்பில்ல, ஆனா பெருக்கறதா குறைக்கறதான்னே தெரியல.

'ஒடுக்கல்' நல்லா இருக்குன்னு நானே முதல்ல நினைச்சேன், ஆனா ஒடுக்குன்னா பாத்திரத்துல விழற நசுங்கல், கார் பட்டறையில ஒடுக்கு எடுக்கறதும்பாங்க. 'ஒடுக்கிய குண்டு'ன்னு எழுதினா நசுங்கின குண்டுன்னு படிப்பாங்க, நசுங்கினதைத் திரும்ப உலையில போடத்தான் வேணும்.

நான் சொல்றது 'நெருக்கல்'. நாலாபக்கமும் ஒரே மாதிரி அழுத்தம்ங்கறது அதுல இருக்கு. கருவிக்கு 'நெருக்கச்சு'. குண்டையும் வெடிமருந்தையும் பிடிச்சிருக்கற பித்தளை உறை சுட்ட பிறகு விரிஞ்சு போயிடும், அதைத் திரும்ப சின்னதாக்கறதுக்கும் இங்கிலீஷ்ல இதே சொல்தான், அங்கயும் 'உறை நெருக்கல்'னு பொருந்துது.

இன்னொரு விஷயம், தலைப்பையே மாத்தியிருக்கேன் பாருங்க. வெறும் ஈயம்னு எங்கயும் எழுத வேணாம். பேச்சுல ஈயம்னா ரெண்டு உலோகமும்தான். ரசம் வைக்கற ஈயச்சொம்பு வெள்ளீயம், 232 டிகிரியில உருகும், அதான் ரசம் ஊத்தாம வெறும் சொம்பை அடுப்புல வெச்சா அப்படியே உக்காந்துடுது. பித்தளைக்குப் பூசறதும் வெள்ளீயம். குண்டுக்கு உருக்கறது காரீயம், 327 டிகிரி, உடம்புக்குள்ள போனா விஷம். இதுல கொடுமை என்னன்னா ரெண்டும் ஒரே உலையில சேருது. லைமன் நம்பர் 2ங்கற கலவை காரீயம் 90, வெள்ளீயம் 5, ஆன்டிமனி 5. லைனோடைப் கலவை காரீயம் 84, ஆன்டிமனி 12, வெள்ளீயம் 4. பத்திரிகை ஆபீஸ்ல எழுத்து வார்க்கறதுக்கு வெச்சிருந்த உலோகம் அது, நியூயார்க் டைம்ஸ் 1978-ல லைனோடைப் மெஷினை நிறுத்துச்சு, மத்த ஆபீஸ்களும் அந்தக் காலத்துலதான் கைவிட்டாங்க, அந்த உலோகத்துல நிறைய குண்டு வார்க்கறவங்க கைக்குப் போச்சு. பிரினெல் கடினம், அதாவது உலோகம் எவ்ளோ கெட்டின்னு சொல்ற எண், சுத்த காரீயத்துக்கு 5ன்னா லைனோடைப் கலவைக்கு 22 கிட்ட. ஆன்டிமனிங்கற பேரை அப்படியே வெச்சுக்கலாம், அஞ்சனம்னு போட்டா கண் மை ஞாபகம்தான் வரும்.

எச்சரிக்கைப் பத்திக்கும் இது முக்கியம். சட்டியில மேல மிதக்கற கசடுத் தூள்தான் மோசமானது, அதை வழிச்ச கையோட சாப்பிடக்கூடாதுன்னு எழுதறப்ப எந்த ஈயம்னு குழப்பம் இருந்தா ஊர்ல உள்ளவங்க சொம்பைத் தூக்கி எறிவாங்க.

---

> நான் சொல்றது 'நெருக்கல்'... கருவிக்கு 'நெருக்கச்சு'.

வணக்கம் அண்ணை,

நெருக்கல் எண்டது எனக்குச் சம்மதம். நெருக்கச்சு வேண்டாம். வார்க்கிறதும் அச்சு, நெருக்கிறதும் அச்சு எண்டால் வாசிக்கிற ஆள் எந்த அச்சு எண்டு ஒவ்வொரு வரியிலும் நிண்டு யோசிக்க வேண்டி வரும். அந்தக் கருவியிலை முக்கியம் துளைதானே, 'அளவுத்துளை' எண்டு போடுங்கோ. தட்டார் கம்பி இழுக்கிற தகட்டிலையும் பெரிசிலையிருந்து சின்னனாத் துளைகள் வரிசையா இருக்கும், அவை இழுக்கினம், இவை தள்ளினம், அவ்வளவுதான் வித்தியாசம்.

மற்றது, குண்டு எண்டால் இலங்கையிலை எங்கடை ஆக்களுக்கு மேலையிருந்து விழுகிற வெடிகுண்டுதான் முதல் ஞாபகம் வரும். துவக்காலை வாறதை ரவை, சன்னம் எண்டுதான் சொல்லுவம். நீங்கள் குண்டு எண்டு எழுதினாலும் ஒருக்கா முதல் பத்தியிலை ரவை, சன்னம் ரெண்டையும் போட்டு விடுங்கோ. பித்தளை உறைக்குக் 'கோது' எண்டால் என்ன? முட்டைக்கோது மாதிரி, உள்ளுக்கு ஒண்டுமில்லாதது.

---

அளவுத்துளை பிரமாதம், எடுத்துக்கிட்டேன். அப்ப வாக்கியம் இப்படி ஓடும்: 'வார்த்த குண்டுக்கு மெழுகிட்டு 0.358 அளவுத்துளையில் நெருக்கி எடுப்பார்கள்.' படிச்சுப் பார்த்தா இடறல.

ரவை, சன்னம் ரெண்டையும் முதல் பத்தியில சேர்த்துடறேன். ரவையை மட்டும் முழுக்கப் பயன்படுத்த முடியாது அண்ணே, தமிழ்நாட்டுல நாட்டுத்துப்பாக்கிக்குப் போடற சின்னச் சின்ன உருண்டைக்கும் அதான் பேரு, உப்புமாவுக்கும் அதான் பேரு. கோது நல்ல சொல், ஆனா இங்க பேப்பர்ல 'தோட்டா உறை'ன்னு போட்டுப் போட்டுப் பழகிடுச்சு, செப்பு உறை போட்ட குண்டுன்னு வர்ற இடத்துல அந்த உறை வேற, இந்த உறை வேறன்னு ஆகுது, அதனால உங்க கோது உள்ள வந்தாகணும்னுதான் தோணுது. குண்டு மேல இருக்கற செப்பு 'உறை', பித்தளையில இருக்கறது 'கோது'. 'கோது நெருக்கல்'.

குழல்ல வழுக்கிட்டுப் போறதுக்காக மெழுகு அடைக்க குண்டு இடுப்புல ஒரு பள்ளம் இருக்கும், அதை 'மெழுகுப் பள்ளம்'னே போடறேன், புரிப்பள்ளத்தோட குழம்பாது. தேன்மெழுகும் ஆலாக்ஸ்ங்கற பெட்ரோலியப் பசையும் பாதிக்குப் பாதி கலந்ததுதான் ரொம்ப காலமா பேர் போன மெழுகு. இப்ப நிறைய பேர் மெழுகை விட்டுட்டு பவுடர் கோட்டிங் போட்டு சின்ன ஓவன்ல வேக வைக்கறாங்க, நம்ம கிரில் கேட்டுக்குப் போடறாங்களே அதே பவுடர்தான், அதுக்குச் சொல் தேட வேண்டியதில்ல.

மிச்சம் இருக்கறது கேஸ் செக் ஒண்ணுதான். வேகமா போற குண்டோட அடியில வாயு அரிக்காம இருக்க மாட்டற சின்ன செப்புக் கிண்ணம். 'வாயுத் தடுப்பான்'னு போட்டா சமையல் கேஸ் ரெகுலேட்டர்னு நினைப்பாங்க. நான் 'லாடம்'னு வெச்சிருக்கேன், அடியில மாட்டறது, தேய்மானத்தைத் தாங்கறது, ரெண்டெழுத்துல சொல்ல முடியாட்டியும் மூணெழுத்துல முடியுது. மாட்டறதும் அளவுத்துளையில நெருக்கறப்பவே நடந்துடும், குண்டோட சேர்த்து அதுவும் இறுகிக்கும். லாடம் கட்டின குண்டு, லாடம் கட்டாத குண்டு. ஆட்சேபனை இருந்தா ஞாயிறுக்குள்ள சொல்லுங்க, திங்கக்கிழமை ஏத்திடறேன்.