பூஞ்சை வைரஸ் ஆய்வுக்குக் காளான் மாதிரிகள் தேவை

அனைவருக்கும் வணக்கம். பூஞ்சைகளைத் தாக்கும் வைரஸ்களைப் பற்றி ஆய்வு செய்துவரும் நான், சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு மாடியில் சிப்பிக் காளானும் வளர்த்து வருகிறேன். கடந்த இரண்டு அறுவடைகளிலும் காம்பு விரல் நீளத்துக்கு நீண்டு, குடை சட்டைப் பொத்தான் அளவிலேயே நின்று, ஓரம் சுருண்ட காளான்களே முளைத்தன. கரியமில வாயு தேங்கினாலும் இவ்வாறு ஆகும் என்பதால், முதலில் காற்றோட்டத்தைக் கூட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை.

வளர்ப்புக் காளானில் வைரஸ் துகள்கள் இருப்பதை 1962-இல் ஹாலிங்ஸ் என்ற ஆய்வாளர் அறிவித்தார். பூஞ்சை வைரஸ்களில் பெரும்பாலானவை செல்லை விட்டு வெளியேறித் தொற்றுவதில்லை. பூஞ்சை இழைகள் ஒன்றோடொன்று இணையும்போதும், வித்துகள் வழியாகவும்தான் பரவுகின்றன. எனவே வாங்கிய காளான் விதையிலேயே (தானியத்தில் வளர்த்த பூஞ்சை இழை) தொற்று இருந்திருக்கலாம் என்று ஐயுறுகிறேன்.

மாதவரம், வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பகுதிகளில் காளான் வளர்ப்போர், இத்தகைய குறையுள்ள காளான் நான்கைந்தும், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல காளான் சிலவும் தந்து உதவ வேண்டுகிறேன். பறித்த அன்றே காகித உறையில் இட்டுப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தால் போதும், நானே நேரில் வந்து பெற்றுக்கொள்வேன்.

மேலும், 16 விழுக்காடு எத்தனாலில் செல்லுலோஸ் தூளில் ஒட்டவைத்து பூஞ்சை வைரஸ்கள் பலவற்றின் மரபுப்பொருளான இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள். எனக்கு, மின்சாரம் செலுத்தி ஆர்.என்.ஏ.வை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் தெளிவான பட்டைக்குப் பதிலாகக் கலங்கிய தடமே தெரிகிறது.